ஓதம்

எங்கள் வீட்டுத் தரை 1983ல் போட்டது. மேற்கு சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அப்பா கட்டிய வீடு. கூடம், இரண்டு அறைகள், சமையலறை, ஆறடிக்கு ஐந்தடியில் ஒரு ஸ்டோர் ரூம். எல்லாவற்றுக்கும் காவித் தரை. ரெட் ஆக்சைடு என்று இப்போது வீட்டு அலங்காரம் செய்கிறவர்கள் இதைப்பற்றிப் பரவசத்துடன் பேசுகிறார்கள். அப்பாவுக்கு அப்படியொரு பரவசம் இருந்ததாகத் தெரியவில்லை. மொசைக் போடக் காசில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தரை போட்ட கதையை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். மண் நிரப்பி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நான்கு அங்குலத்துக்குக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியிருக்கிறார்கள். அதற்குமேல் சிமெண்ட் கலவை. அது முழுக்க இறுகுமுன் சிமெண்டும் காவிப்பொடியும் சலித்துக் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று. கொத்தனார் குந்தியபடியே பின்வாங்கிப் பின்வாங்கி, முகம் தெரியும்வரை கரண்டியால் தேய்த்தாராம். பிறகு வாசற்படிகளில் மண்ணால் பாத்தி கட்டிப் பத்து நாட்கள் தண்ணீர் நிறுத்தி வைத்தார்கள். வீடு குளம்போல் கிடந்தது, உள்ளே தவளை வந்துவிட்டது என்பார் அப்பா. இந்தத் தவளை விவரத்தை நான் வெகுகாலம் வெறும் வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கடியில் இறுகி உருவான ஒரு பொருள் தண்ணீரால் கெட்டுவிடும் என்று நான் பிற்பாடு நம்பியதற்கு, அப்பா சொன்னதைச் சரியாகக் காதில் வாங்காததும் ஒரு காரணம்.

அம்மா 1985ல் இந்த வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் தரையைத் துடைத்த பிறகு, பழைய துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு இன்னொரு தரம் துடைப்பாள். முப்பது வருஷம். சமையலறை வாசற்படிக்கு இப்பால் அவள் அரிவாள்மணையுடன் உட்காரும் இடத்தில் மட்டும் சிவப்பு கறுத்து, பழைய தோல் மாதிரி ஆகியிருந்தது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். எண்களெல்லாம் பிறகு தெரிந்தவை. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது, தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறைச் சாக்கடைத் துவாரத்திலிருந்து கொப்பளித்து மேலேறியது மட்டுமே. அப்பா இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. அம்மா, தங்கை, நான் மூவரும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் கழித்தோம். இறங்கி வந்தபோது சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. தரை கண்ணிலேயே படவில்லை. கணுக்காலளவு சேறு, சாக்கடையும் டீசலும் கலந்த நாற்றம்.

சேற்றை ஈரமாயிருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "காய வுட்டா சிமெண்டாட்டம் புடிச்சுக்கும்டா." தகரத்தால் வழித்து, வாளி வாளியாகத் தெருவில் கொட்டி, லாரித் தண்ணீர் வந்ததும் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, மறுபடி கழுவினோம். ஐந்தாம் நாள் காவி தெரிந்தது. மங்கியிருந்தது. ஆனால் சாயம் போகவில்லை. போகாதுதான், காவி என்பது இரும்புத் துரு, தண்ணீரில் அது கரைவதில்லை. கதவு நிலைகளின் கால்கள் ஊதியிருந்தன, பீரோவின் அடித்தட்டு கையோடு வந்தது, மெத்தைகள் போயின. தரை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

அம்மா ஒரு கொத்தனாரை வரவழைத்தாள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பொருளை மதிப்பிடுவதில் நான் கண்ட மிகப் பொறுமையான காரியம் அது. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து முழத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் ஓசை சுருக்கமாக, வறட்டுத்தனமாக இருக்கும். அடியில் பிடிப்பு விட்டுப்போன இடத்தில் மூடிய பெட்டியைத் தட்டினாற்போலக் கேட்கும். வெள்ளம் வடியும்போது அடிமண் அமுங்கி இறங்கிவிடுகிறது. தரை இறங்காமல் பாலம்போல் நிற்கிறது. அப்புறம் என்றோ ஒருநாள் அதன்மேல் பீரோவை வைக்கும்போது உடைகிறது. கேட்ட இடங்களில் அவர் சாக்கட்டியால் வட்டமிட்டார். கூடத்தில் மூன்று, முன்னறையில் ஒன்று. எதிர்வீட்டுப் பையனிடம் கோலி வாங்கி உருட்டிப் பார்த்தார். சுவரோரம் ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதச் சொன்னார். கோடு விலகினால் தரை இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். சமையலறையைத் தட்டி "இது கெட்டி" என்றார். இந்த ஒரு தீர்ப்பில் அவர் தவறினார். ஆறு மாதம் கழித்து மேடைக்கடியில் ஒரு பாகம் உள்வாங்கியது.

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தரைக்கு ஒண்ணும் ஆவல தம்பி. குடிச்ச தண்ணிய அது கக்கணும். பங்குனி வரைக்கும் மேல ஒண்ணும் போடாதீங்க. பாய் கூட வேணாம். வெள்ளையா உப்பு வரும். தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, தொடப்பத்தால தட்டி அள்ளிடுங்க. அது நின்னப்புறம் அந்த நாலு இடத்த மட்டும் ஒடச்சிப் போட்டுக்கலாம்."

ஓதம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் பேச்சில் கேட்டேன், "ஓதம் ஏறும்" என்று. அகராதி அந்தச் சொல்லுக்கு ஈரம் என்றும் பொருள் தருகிறது, வெள்ளம், கடல், அலை என்றும் தருகிறது. இலக்கியத்தில் நமக்குப் பழக்கமான ஓதம் கரையை மோதுகிற ஓதம். கொத்தனாருடைய ஓதம் சத்தம் போடாதது. மண்ணிலிருந்து ஜல்லியின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மேலேறுகிறது. வரும் வழியில் மண்ணிலும் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்புக்களைக் கரைத்து எடுத்து வருகிறது. மேற்பரப்பில் காற்று பட்டு நீர் ஆவியாக, உப்பு மிஞ்சுகிறது. திறந்த தரையானால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், துடைப்பத்தோடு போய்விடும். மூடிய தரையானால் மூடியதன் அடியிலேயே படிகமாகிப் பருத்து நெம்பத் தொடங்கும். கான்கிரீட் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அது நல்ல காற்றும் வெயிலும் இருக்கும்போது. சென்னையின் மார்கழிக் காற்றில், அடியில் மண்ணே நனைந்து கிடக்கும் வீட்டில், அந்தக் கணக்கு செல்லாது.

இவையெல்லாம் எனக்கு அன்றே ஓரளவு தெரியும் என்பதுதான் விஷயம். தெரியாமல் செய்ததாக இங்கே எழுதிவிட்டால் எனக்கு சௌகரியமாக இருக்கும்.

தங்கையின் நிச்சயதார்த்தம் தை மாதக் கடைசியில் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் முன்பு ஒருமுறை வந்துபோனவர்கள். சாக்கட்டி வட்டங்களும், பத்து நாட்களில் பூக்கத் தொடங்கிவிட்ட வெள்ளை உப்பும், கழுவிய பிறகும் போகாத நாற்றமுமாக இருந்த கூடத்தில் அவர்களை எப்படி உட்கார வைப்பது? வங்கியில் சேர்ந்து மூன்று வருஷமாகியிருந்ததால் கடன் கிடைத்தது. தெருவில் பாதி வீடுகளில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மா, "மேஸ்திரி சொன்னாரேப்பா, கொஞ்சம் பொறுக்கலாமே" என்றாள். அந்தத் தரையில் சாக்கடை நின்றிருக்கிறது, கிருமிகள் உள்ளே ஊறியிருக்கும், அதை மூடுவதுதான் ஆரோக்கியம் என்று நான் விளக்கினேன். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு விஞ்ஞானம் பேசும் சந்தர்ப்பம் அபூர்வம். அம்மா இரண்டாவது தரம் சொல்லவில்லை. அவள் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கொத்தனார் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். கொள்கை ஒன்றுமில்லை, டைல்ஸ் அவருக்கு வராது. டைல்ஸ் ஆட்கள் வந்தார்கள். எண்ணெய் ஊறிய தரையில் கலவை பிடிக்காது என்பதால் முதலில் கொத்துப் போட வேண்டும் என்றார்கள். அதாவது உளியும் சுத்தியலும் கொண்டு, அம்மி கொத்துகிற மாதிரி, தரை முழுவதையும் புள்ளி புள்ளியாகப் பொளிய வேண்டும். இரண்டு நாட்கள் நான்கு பேர் கொத்தினார்கள். சிவப்புத் தூள் வீடெங்கும் பறந்து தண்ணீர்க் குடத்தில் படிந்தது. அம்மா அந்த இரண்டு நாட்களும் எதிர்வீட்டில் இருந்தாள். பிறகு இரண்டடிச் சதுர விட்ரிஃபைடு டைல்ஸ், தந்த நிறம், ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே காகிதம் நுழையாதபடி. அந்த நெருக்கத்தை வேலைத் திறமை என்று காட்டினார்கள். நானும் அப்படியே நினைத்தேன். பணம் ஸ்டோர் ரூமுக்குப் போதவில்லை. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு கிளை விஷயம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருபது வருஷச் சிறுபத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. பலவும் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை. அவையும் மூழ்கின. மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மட்டமான காகிதத்தில், கையில் காசில்லாமல் அச்சடித்தவை பிழைத்துக்கொண்டன. ஊதி, சுருங்கி, பின் அடித்த இடத்தில் துருப்பிடித்து, ஆனால் பிரித்துப் படிக்கும்படி. வழவழப்பான தாளில் சிறப்பு மலர் என்று வந்தவை பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே பலகையாகிவிட்டன. மேலே பூச்சு கொடுத்த காகிதம் ஈரத்தோடு நெருங்கிக் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். இதிலிருந்து இலக்கிய அபிப்பிராயம் எதையும் யாரும் பெறவேண்டாம். நல்ல மலர்களும் அதில் போயின.

அந்த ஜனவரியில்தான் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரையும் எழுதினேன். கவிஞருக்கு அது முதல் தொகுதி. கூடத்தில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, முன்னறையில் உட்கார்ந்து, மூன்று கவிதைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு முழுத் தொகுதிக்கும் தீர்ப்பு எழுதினேன். அந்த வாரமே அனுப்ப வேண்டியிருந்தது. அவர் அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார் என்றெல்லாம் இல்லை. நன்றாகவே எழுதுகிறார். என்னோடு பேசுவதில்லை.

டைல்ஸ் போட்ட முதல் கோடையிலேயே இணைப்புகள் கறுத்தன. அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதம்கூட நீரை உறிஞ்சாது. விற்கும்போது அதைப் பெருமையாகச் சொல்வார்கள். உறிஞ்சாத பொருள் கீழிருந்து வருவதை வெளியே விடவும் விடாது. எனவே ஓதம் பக்கவாட்டில் போய்ச் சுவர்களில் ஏறியது. தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. வருஷா வருஷம் பட்டி பார்த்து வண்ணமடித்தேன். சுவரைத்தான் குற்றம் சொன்னேன்.

அம்மா மத்தியானங்களில் ஸ்டோர் ரூமில் படுக்க ஆரம்பித்தாள். அரிசி டிரம்முக்கும் பழைய பித்தளைப் பாத்திர மூட்டைக்கும் நடுவில் கிடக்கிற மூன்றடி அகலத்தில், பாய்கூட இல்லாமல். டைல்ஸ் சில்லிடுகிறது, கால் வழுக்குகிறது என்பாள். மின்விசிறி இல்லாத அந்தப் பொந்தில் போய் ஏன் அடைந்துகொள்கிறாய் என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். என்மேலுள்ள கோபத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் கோபமாக இருந்தாளா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அங்கே பூத்த உப்பை இரண்டு கோடைகளுக்கு அவள் துடைப்பத்தால் தட்டி முறத்தில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கோடையில் உப்பு நின்றது. வெள்ளிக்கிழமை எண்ணெய்த் துணி அந்த முப்பது சதுர அடிக்கு மட்டும் தொடர்ந்தது. 2019ல் அவள் இறந்துபோனாள்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை. இம்முறை ஆறு வரவில்லை. தெருவில் நின்ற மழைநீர்தான் படியேறி வந்து ஒன்றரை நாள் கணுக்கால் அளவுக்கு நின்றது. வடிந்ததும் டைல்ஸைத் துடைத்தால் பளபளவென்றிருந்தது. நடந்தால் மட்டும் பாதிக் கூடம் பெட்டி மாதிரி ஒலித்தது. அடுத்த ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல், பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். கூடத்தின் நடுவில் ஒரு வரிசை டைல்ஸ் இரண்டிரண்டாகக் கூரைபோல் நிமிர்ந்து நின்றது. ஓரத்திலும் நடுவிலும் இடைவெளி விடாமல் போட்ட டைல்ஸ், அடியில் பிடிப்பும் போய்விட்ட பிறகு, வெயிலில் விரிய இடமில்லாமல் மேலே எழும்புகிறது. காகிதம் நுழையாத அந்த நெருக்கம்தான்.

எல்லாவற்றையும் எடுத்தோம். அடியில் கலவை ஈரமாகவே இருந்தது. இது 2015ன் ஈரமா 2023ன் ஈரமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதைச் சுரண்டியதும் பழைய தரை தெரிந்தது. காவி அப்படியேதான் இருந்தது, நிறம் மாறாமல். ஆனால் அங்குலத்துக்கு ஒன்றாக உளிக் குழிகள், அம்மை வடுக்கள் மாதிரி. சமையலறை வாசலுக்கு இப்பால் அந்தக் கறுத்த இடத்தைத் தேடினேன். அங்கும் கொத்தியிருந்தார்கள். குழிகளுக்கு இடையில் விரல்நுனியளவு அந்தக் கறுப்பு மிச்சமிருந்தது. வெள்ளம் செய்ததென்று அந்தத் தரையில் காட்டச் சொன்னால், அந்த நான்கு வட்டங்களையும் மேடைக்கடியில் உள்வாங்கிய இடத்தையும் காட்டலாம். மீதி முழுவதும் நான் ஆள்வைத்துச் செய்தது.

பழைய கொத்தனாரைத் தேடிப் போனேன். பையன்கள்தான் வேலைக்குப் போகிறார்கள். எனக்காக ஆட்டோவில் வந்தார். அவர் என்னை எதுவும் சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன் தட்டிப் பார்த்தது அவருக்கு ஞாபகமே இல்லை. "இதுல இன்னா கீது தம்பி, பேத்துட்டுப் புதுசாவே போட்டுக்கலாம்" என்றார். பெயர்க்கக் கூடாது என்று இப்போது நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இம்முறை காத்திருந்தோம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவைக்க வேண்டும். குறைந்தது பதினாறு மணி நேரம் கழித்துப் பிரித்தால், ஷீட்டின் உட்புறம் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் மூன்று இடங்களில் ஒட்டினேன். மேயில் வேர்த்தது. ஜூலையில் வேர்த்தது. அந்த வருஷ மழைக்காலத்தில் பார்ப்பதில் அர்த்தமில்லை. 2025 ஏப்ரலில் இரண்டு இடம் காய்ந்திருந்தது, சுவரோரம் மட்டும் லேசான ஆவி. மே கடைசியில் மூன்றும் காய்ந்தன. அந்த ஒரு வருஷமும் வீட்டுக்கு வந்த நண்பர்கள் குழி விழுந்த தரையைப் பார்த்து, பணக்கஷ்டமா என்று விசாரித்தார்கள்.

பொக்கையான இடங்களை மட்டும் உடைத்து அடிமண் இடித்து நிரப்பினோம். மற்ற இடங்களில் பழைய தரைக்கு மேலேயே, நன்றாகக் கழுவி நனைத்துவிட்டு, முக்கால் அங்குலம் கலவையும் காவிப் பூச்சும். உளிக் குழிகள் இருப்பது நல்லதாகப் போயிற்று, புதுக் கலவை அவற்றில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றார் கொத்தனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மகன் தேய்த்தான். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நின்றது. தவளை வரவில்லை.

புதுச் சிவப்பு கண்ணைக் குத்துகிறது. ஸ்டோர் ரூம் வாசற்படியில் அது பழைய சிவப்போடு சேருமிடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, சேர்க்க முடியாது என்று கொத்தனார் முன்பே சொல்லிவிட்டார். அப்பா போட்ட தரையில் ஓட்டையோ உளியோ படாமல் மிச்சமிருப்பது அந்த ஆறடிக்கு ஐந்தடிதான். வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் போடுகிறேன். அளவு தெரியவில்லை, கூடினால் எறும்பு வருகிறது. தங்கை குழந்தையுடன் வரும்போது, கூடத்தில் மின்விசிறியைப் போட்டு இடம் ஒழித்து வைத்தாலும், சாப்பிட்டதும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுகிறாள். அவள் அம்மாவைவிட உயரம். கால்கள் வாசற்படியைத் தாண்டிப் புதுத் தரையில் நீட்டியிருக்கும்.